ஓட்டக்காரி

பந்தயத்தில் ஓடும் பெண்ணைத் தமிழ் நாளிதழ்கள் 'வீராங்கனை' என்றே எழுதுகின்றன. மலையாள இதழ்களுக்கு அவள் பெரும்பாலும் 'காயிக தாரம்', அதாவது விளையாட்டுத் துறையின் விண்மீன். ஆனால் அதே மலையாளத்தில் 'ஓட்டக்காரி' என்ற இன்னொரு சொல்லும் உண்டு. தமிழருக்கும் அது உடனே விளங்கும்; எனினும் தமிழ் எழுத்தில் அதைக் காண்பது அரிது. பூக்காரி, பால்காரி, வேலைக்காரி என்று தொழில் செய்பவரைக் குறிக்கும் அதே விகுதிதான் இதிலும் இருக்கிறது. 'வீராங்கனை' என்னும்போது போர்க்களமும் புராணமும் கண்முன் எழுகின்றன. 'ஓட்டக்காரி' என்னும்போது அன்றாட உழைப்பும் மாதக் கூலியும் நினைவுக்கு வருகின்றன. இரண்டில் எது உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பதை அறிய, இடுக்கி மலையிலிருந்து பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்கி வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

ஓட்டம் ஒரு தொழிலாக இருந்தது அந்த நிலத்துக்குப் புதிதன்று. இடுக்கி மலைகள் திருவிதாங்கூரின் பகுதி. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் கொச்சி அரசின் பகுதி. இவ்விரு அரசுகளும் 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் சேவை நடத்தின. தபாலைச் சுமந்து ஓடியவர் 'அஞ்சலோட்டக்காரன்' எனப்பட்டார். கையில் மணி கட்டிய கோல், முதுகில் பை. மணியோசை கேட்டால் எதிரில் வருபவர் வழிவிட வேண்டும். 1951இல் அஞ்சல் சேவை இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்பட்டது; அத்துடன் அந்தப் பதவிப்பெயர் மறைந்தது. 'அஞ்சல்' தமிழில் தபாலுக்குரிய பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஈழத்தமிழில் தொடர் ஓட்டத்தை இன்றும் 'அஞ்சலோட்டம்' என்பார்கள். (சொற்பிறப்பு பற்றிய சண்டை தனிக்கதை; கிரேக்கம் வரை இழுத்துச் சென்றவர்கள் உண்டு.) இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: அந்தக் கால ஓட்டக்காரனுக்கு ஓட்டம் அரசு தந்த உத்தியோகம். அவன் ஓடியதற்குப் பரிசு இல்லை, சம்பளம் இருந்தது.

பிரீஜா ஸ்ரீதரன் 1982 மார்ச் 13 அன்று இடுக்கி மாவட்டத்தின் முல்லக்கானத்தில் பிறந்தார். ராஜாக்காட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து கிழக்கே பூப்பாறை வழியாகப் போனால் போடிமெட்டு. அதைக் கடந்து கொண்டைஊசி வளைவுகளில் இறங்கினால் போடிநாயக்கனூர். விடியும் முன்பே போடிப் பகுதியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு மாலையில் இறங்கும் தமிழ்ப் பெண்களின் பாதை அது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களை 1956இல் எந்த மாநிலத்தோடு சேர்ப்பது என்று எழுந்த வாதங்களைத் தமிழ் வாசகர் அறிவர். வரைபடத்தில் கோடு விழுந்த பிறகும் அந்த மலையில் இரு மொழிகளும் ஒரே சரிவில்தான் புழங்குகின்றன. சமதளமான நூறு மீட்டர் நிலத்தைக் கண்டுபிடிப்பது கடினமான அந்தச் சரிவிலிருந்துதான் கேரளத்தின் பெரும் ஓட்டக்காரிகள் பலர் வந்தார்கள்.

பிரீஜாவுக்கு முன்பே அங்கே ஒரு மரபு உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை சென்றவரும், 1992 பார்சிலோனாவில் இந்திய அணியின் கொடியை ஏந்திய முதல் பெண்ணுமான ஷைனி வில்சன் தொடுபுழைக்காரர். 2002 புசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கே.எம். பீனாமோளும் இடுக்கி மலைக்காரர். அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வென்ற கே.எம். பினு அவருடைய தம்பி. மலையில் பிறந்ததால்தான் நுரையீரல் வலுத்தது என்று சொல்வது எளிது. நாளிதழ்கள் சலிக்காமல் சொல்லியும் வந்தன. ஆனால் மலை நுரையீரலை மட்டுமே தரும். பயிற்சித் திடலையும், சத்துணவையும், இருபது வயதில் ஓட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலை தேடாதிருக்கும் வசதியையும் அது தருவதில்லை. அவற்றுக்காக மலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது.

இறங்கும் வழியில் முதல் படி, பல பெண்களுக்கும் போலவே பிரீஜாவுக்கும், பாலாயிலுள்ள அல்போன்சா கல்லூரி. அடுத்த படி பாலக்காடு. துல்லியமாகச் சொன்னால் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்டம். கோட்டத் தலைமையகம் 1956இல் கோவையை அடுத்த போத்தனூரிலிருந்து ஒலவக்கோட்டுக்கு மாற்றப்பட்டது. கோவைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த நிலையம் இன்றும் ஒலவக்கோடுதான். 'பாலக்காடு சந்திப்பு' என்ற பெயர் பின்னால் வந்தது. இந்திய ரயில்வே 1928 முதல் விளையாட்டுக்கெனத் தனி அமைப்பு வைத்திருக்கிறது. பாலக்காட்டின் மெர்சி கல்லூரியில் படித்து, தெற்கு ரயில்வேயில் வேலை பெற்று, 1982 தில்லி ஆசிய விளையாட்டின் 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, இந்த இரண்டாம் படியில் முன்பே ஏறியவர். கல்லூரி விடுதியும் ரயில்வே ஊதியப் பட்டியலும் ஒரே ஊரில் கிடைத்ததால், எங்கெங்கோ பிறந்தவர்கள் பாலக்காட்டுக்காரர்களாக அறியப்பட்டார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்பது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. தேசிய அளவில் ஒரு குறிப்பிட்ட தகுதியை எட்டியவருக்கு எழுத்தராகவோ பயணச்சீட்டுப் பரிசோதகராகவோ ஒரு பணியிடம் தரப்படும். ஆண்டின் பெரும்பகுதி பயிற்சி முகாமிலும் போட்டிகளிலும் கழியும். அந்நாள்களுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு. சம்பளம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பதக்கம் வந்தால் ஊக்க ஊதிய உயர்வும் பதவி உயர்வும் வரலாம். ஓட்டம் ஓய்ந்த பின் பணி ஓய்வு வரை அலுவலகத்தில் ஓர் இருக்கை இருக்கும். இது கவர்ச்சியான ஏற்பாடன்று. விளம்பர ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டால் தொகை சிறியது. ஆனால் நீண்டதூர ஓட்டம் முதிர்வதற்குப் பத்தாண்டுகள் வேண்டும். பதினெட்டு வயதில் நம்பிக்கையளித்த ஒரு பெண் இருபத்தெட்டில் உச்சத்தை எட்டுவாள் என்றால், இடையிலுள்ள பத்தாண்டுக்கு அவளுடைய வீட்டு அடுப்பை எரிப்பது யார்? பிரீஜாவின் குடும்பம் வசதியற்றது. அந்த வினாவுக்கு விடை ஒலவக்கோட்டில் இருந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் அவர் 32 நிமிடம் 34.64 வினாடிகளில் 25ஆவதாக வந்தார். வென்ற எத்தியோப்பியரான திருனேஷ் திபாபா எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 54.66 வினாடி. கணக்குப் போட்டால், திபாபா கோட்டைக் கடந்தபோது பிரீஜாவுக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு சுற்றுகள் மிச்சம். வெற்றியாளருக்காக அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும்போது, அந்த ஆர்ப்பரிப்புக்கு நடுவே எண்ணூறு மீட்டரைத் தனக்காக ஓடி முடிக்க வேண்டும். 'வீராங்கனை' என்ற சொல்லுக்குள் இந்தக் காட்சி அடங்காது. 'ஓட்டக்காரி' என்ற சொல்லுக்குள் அடங்கும்: எடுத்த வேலையை முடித்துவிட்டுப் போகிறாள்.

அந்தக் காலத்தில் இந்திய நீண்டதூர ஓட்டக்காரிகளின் குழுவைப் பயிற்றுவித்தவர் பெலாரஸ் நாட்டவரான நிக்கோலாய் ஸ்னெசரேவ். கண்டிப்புக்குப் பேர்போனவர். உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் மாதக்கணக்கில் முகாம்கள் நடந்தன. மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த கவிதா ராவுத்தும், உத்தரப் பிரதேசத்தின் சுதா சிங்கும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2010 அக்டோபரில் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டின் 10,000 மீட்டரில் கவிதா வெண்கலம் வென்றார். அப்போட்டிகளின் தடகள ஓட்டத்தில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் தனிநபர்ப் பதக்கம் அது. பிரீஜாவுக்குப் பதக்கம் இல்லை.

ஆறு வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, சீனத்தின் குவாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டு. இருபத்தைந்து சுற்றுகள், சராசரியாக ஒரு சுற்றுக்கு 76 வினாடிக்குச் சற்று மேல். முடிவில் பிரீஜா 31 நிமிடம் 50.47 வினாடி, கவிதா 31 நிமிடம் 51.44 வினாடி. பத்துக் கிலோமீட்டருக்குப் பின் இருவருக்கும் இடையே எஞ்சிய தொலைவு ஏறத்தாழ ஐந்து மீட்டர். தில்லியில் கவிதா வெண்கலம் வென்றபோது எடுத்த நேரம் 33 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அதே கால்கள் ஆறு வாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைத்திருந்தன. தில்லி ஓட்டம் யார் முந்துவது என்று ஒருவரையொருவர் பார்த்தபடி மெதுவாக நடந்த ஓட்டம். குவாங்சௌவில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. பஹ்ரைனுக்காக ஓடிய எத்தியோப்பியப் பெண்கள் கூடவே இருந்தார்கள். தங்கமும் வெள்ளியும் இந்தியாவுக்கு வந்தன. ஐந்து நாள் கழித்து 5,000 மீட்டரில் பிரீஜா 15 நிமிடம் 15.89 வினாடிகளில் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற பஹ்ரைனின் மிமி பெலெத்தேவுக்கும் அவருக்கும் இடையே 0.30 வினாடி, இரண்டு மீட்டருக்கும் குறைவு. இரண்டு நேரங்களும் தேசியச் சாதனைகளாகப் பத்தாண்டுக்கும் மேல் நின்றன. 2011இல் அர்ஜுனா விருது வந்தது.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. இந்த வயதைச் சற்று நிறுத்தி யோசிப்பதற்குத் தொலைவிலிருந்து ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்கக் காற்பந்தில் 'ரன்னிங் பேக்' என்றொரு இடம் உண்டு. நம்முடைய கால்பந்தோடு பெயர் தவிர வேறு உறவில்லாத ஆட்டம் அது. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்தப் பாயும் உடல்களுக்கு நடுவே ஓடி நிலத்தைப் பிடிப்பதே இந்த ஆட்டக்காரரின் பணி. அங்கே இருபத்தெட்டு என்பது முதுமை. அந்த இடத்தில் ஆடுபவர்களின் சராசரித் தொழில் ஆயுள் மூன்று ஆண்டுக்கும் குறைவு என்று கணக்கிடப்படுகிறது. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்றாண்டு கழிந்த பின்னரே தொழில்முறை அணிக்குள் நுழைய முடியும்; நுழைந்ததும் முதல் ஒப்பந்தத்தின் ஊதியம் வரையறுக்கப்பட்டிருக்கும். கால்கள் புதிதாக இருக்கும்போது குறைந்த விலை. விலை பேசும் உரிமை வரும்போது கால்கள் தேய்ந்துவிட்டன என்று முதலாளிகள் கணக்குக் காட்டுவார்கள். 2023 ஜூலையில் அந்த இடத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் சிலர் இணையவழிக் கூட்டம் நடத்தி இதைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் கோடீசுவரர்கள், ஒலவக்கோட்டு எழுத்தரோடு அவர்களை வைத்துப் பேசுவது பொருந்தாது என்று தோன்றலாம். தொகையை விடுத்துப் பார்த்தால் சிக்கல் ஒன்றுதான். உடல் தரும் காலம் குறுகியது. அந்தக் காலத்தின் கூலி எப்போது, யாரால் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் ஓடுகிறவரின் எஞ்சிய வாழ்வு தீர்மானமாகிறது. அமெரிக்க முறை உச்சத்தில் பெரும்பணம் தருகிறது, பின்னர் கைகழுவுகிறது. ரயில்வே முறை உச்சத்திலும் சிறுபணமே தருகிறது, ஆனால் அறுபது வயது வரை தருகிறது. ஏழை வீட்டுப் பெண் ஒருத்திக்கு எது ஏற்றது என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை.

ஆயினும் வேலை எல்லாவற்றையும் காத்துவிடுவதில்லை. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள முண்டூர், கேரளப் பள்ளி விளையாட்டில் பறளியோடும் கோதமங்கலத்துப் பள்ளிகளோடும் போட்டியிட்ட ஊர். விவசாயக் கூலிகளின் மகளான பி.யூ. சித்ரா அங்குள்ள பள்ளித் திடலில் உருவானவர். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டி. 1,500 மீட்டரில் 4 நிமிடம் 17.92 வினாடிகளில் தங்கம். கண்ட வாகையர் என்ற முறையில் அடுத்த மாதம் லண்டனில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கு அவர் செல்ல வாய்ப்பு இருந்தது. இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் பட்டியலில் பெயர் இல்லை. நேர அளவு போதாது என்பது விளக்கம். சித்ரா கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவரைப் பங்கேற்கச் செய்யுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பெயர் சேர்க்கும் காலக்கெடு கடந்துவிட்டது என்று உலக அமைப்பு கைவிரித்தது. லண்டனில் அந்தப் பந்தயம் அவர் இல்லாமலே நடந்தது.

அவர் லண்டனுக்குப் போயிருந்தால் பதக்கம் வந்திருக்காது. முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார் என்று வாதிட்டவர்கள் உண்டு, அது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பெய்ஜிங்கில் பிரீஜா ஓடி முடித்த அந்த இரண்டு சுற்றுகளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 25ஆவதாக வருவதற்கு அவருக்குக் கிடைத்த உரிமைதான், இரண்டு ஆண்டு கழித்துக் குவாங்சௌவில் பயன்பட்டது. தோற்கக் கற்றுத்தரும் பந்தயத்துக்கு அனுப்பாமல், வெல்லும் பந்தயத்துக்கு மட்டும் ஆள் தேடுவது எப்படிப்பட்ட தேர்வுமுறை? சித்ரா நிற்கவில்லை. 2018 ஜகார்த்தாவில் 4 நிமிடம் 12.56 வினாடிகளில் வெண்கலம். 2019 தோகாவில் மீண்டும் ஆசிய வாகையர் பட்டம். புவனேசுவரத்து நேரத்திலிருந்து ஐந்து வினாடி குறைந்திருந்ததைப் பட்டியல் தயாரித்தவர்கள் கவனித்தார்களா என்பது வேறு.

எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டில், காலடியில் வேலை இல்லாத ஓட்டக்காரியின் கதை நிகழ்ந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டின் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றின் பெயரால் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் சோதனையின் அறிவியலும் அறமும் எவ்வளவு ஆட்டங்கண்டவை என்பதைப் பின்னர் சர்வதேச அமைப்புகளே மாற்றி மாற்றி வகுத்த விதிகள் காட்டுகின்றன. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது சோதனைக்குப் பிந்தைய ஆண்டுகளை. ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநர் வேலை கிடைத்தது, அது நிலைக்கவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிவேலை செய்கிறார் என்ற செய்தி நாடெங்கும் வெளியானது. அவருடைய பெற்றோர் செய்த அதே வேலை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் பணி 2016இல்தான் கிடைத்தது. தோகாவில் கோட்டைக் கடந்த நாளிலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள்.

அவரைப் பற்றி எழுதிய ஒவ்வொருவரும் 'வீராங்கனை' என்றே எழுதினார்கள். செங்கல் சூளைச் செய்தியின் தலைப்பிலும் அதே சொல்தான்.

பிரீஜாவின் 5,000 மீட்டர் தேசியச் சாதனை 2023 மே மாதம் அமெரிக்காவில் முறியடிக்கப்பட்டது. முறியடித்தவர் மீரட் பக்கத்துப் பாருல் சௌத்ரி. நேரம் 15 நிமிடம் 10.35 வினாடி. அவரும் அப்போது மும்பையில் மேற்கு ரயில்வேயின் ஊதியப் பட்டியலில் பெயர் கொண்டிருந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டின் 5,000 மீட்டரில், கடைசி நேராட்டத்தில் முன்னே ஓடிக்கொண்டிருந்த ஜப்பானியப் பெண்ணைக் கோட்டுக்கு மிக அருகில் முந்தி அவர் தங்கம் வென்றார். பிரீஜா குவாங்சௌவில் இரண்டு மீட்டரில் தவறவிட்ட அதே தங்கம். முந்தைய நாள்தான் தடைதாண்டும் 3,000 மீட்டரில் வெள்ளி வென்றிருந்ததால் கால்கள் களைத்திருந்தன. அந்தக் கடைசி மீட்டர்களில் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டபோது, நாட்டையோ கொடியையோ பற்றி அவர் முதலில் பேசவில்லை. தங்கம் வென்றால் உத்தரப் பிரதேசக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பதவி தருவார்கள் என்பதுதான் நினைவுக்கு வந்தது என்றார்.